அலையாத்திக் காடும் கடற்கரைப் பாதையும்: திண்டுக்கல்லில் இருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கு

திண்டுக்கல்லில் கடல் இல்லை. ஆனாலும் பெருநாள் விடுமுறையிலும் பள்ளி விடுமுறையிலும் நம் குடும்பங்கள் வேன் பிடித்துப் போவது பெரும்பாலும் கடலோரத்துக்குத்தான். தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி, முத்துப்பேட்டை, நாகூர் என்று நமக்குச் சொந்தமும் சம்பந்தமும் உள்ள ஊர்கள் பலவும் கரையோர ஊர்களே. கடற்கரையில் பிள்ளைகளை விளையாடவிட்டு, மாலை வரை இருந்து திரும்புவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது.

அந்தக் கரைக்கு நடந்து போகும் உரிமை ஒரு காலத்தில் பறிபோகும் நிலையில் இருந்தது. அதைக் காக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றவர், நம் மாவட்டத்துக் காந்திகிராமத்தோடு தொடர்பு கொண்டிருந்த ஒரு பெரியவர். கடலோரச் சதுப்பு நிலம் அழிவதும், கரைக்குப் போகும் பாதை அடைபடுவதும் ஒரே காரணத்தால் நடந்தவை என்பதை நாட்டுக்குக் காட்டிய வழக்கு அது. இன்று கடலோர ஈரநிலங்களை மீட்பது பற்றியும், கடற்கரைகளை மக்களுக்கு வசதியாக்குவது பற்றியும் அரசு திட்டம் போடும் நேரத்தில், அந்த வழக்கையும் அது சொல்லும் பாடத்தையும் நாம் அறிந்திருப்பது நல்லது.

சதுப்பு நிலம் எதற்கு?

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தில் உருவாகும் சேற்று நிலத்தைப் பலரும் பயனற்ற நிலம் என்றே நினைக்கிறோம். உழ முடியாது, வீடு கட்ட முடியாது, நடந்தால் கால் புதையும். வருவாய்த் துறையின் பழைய கணக்கிலும் இத்தகைய நிலங்கள் 'தரிசு' என்றும் 'புறம்போக்கு' என்றும்தான் எழுதப்பட்டன.

உண்மையில் கடலோர மக்களின் வாழ்க்கை இந்தச் சேற்றை நம்பித்தான் இருக்கிறது. இறால், நண்டு, மடவை, கொடுவா போன்றவற்றின் குஞ்சுகள் வளர்வது அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு நடுவில்தான். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 2004 சுனாமியின்போது பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள், திறந்த கரையில் இருந்த ஊர்களை விடக் குறைவான சேதத்தோடு தப்பின. கடல் உப்பு உள்நாட்டுக் கிணறுகளுக்குள் ஏறாமல் தடுப்பதிலும் இந்த நிலங்களுக்குப் பங்கு உண்டு.

இறால் பண்ணைகள் வந்தபோது

1990களின் தொடக்கத்தில் ஏற்றுமதிக்கான இறால் வளர்ப்பு தமிழகக் கடலோரத்தில் வேகமாகப் பரவியது. நாகப்பட்டினம் பகுதியில் நெல் வயல்கள் விற்கப்பட்டுக் குளங்களாக வெட்டப்பட்டன. சதுப்பு நிலங்களும் அலையாத்திக் காடுகளும் அதே வழியில் போயின.

இந்தப் பண்ணைகள் இயங்கும் முறையைப் பார்த்தால் பாதிப்பு புரியும். கடல் நீரைக் குழாய் வழியே குளத்துக்குள் ஏற்றுவார்கள். உப்பின் அளவைச் சரிசெய்ய நிலத்தடி நன்னீரையும் இறைத்துக் கலப்பார்கள். ஆயிரக்கணக்கான இறால்களை நெருக்கமாக வளர்ப்பதால் தீவனமும் மருந்தும் நிறையப் போட வேண்டும். அறுவடை முடிந்ததும் எஞ்சிய தீவனம், கழிவு, மருந்து எல்லாம் சேர்ந்த நீரைப் பக்கத்து வாய்க்காலில் விடுவார்கள். குளத்து உப்பு மண்ணுக்குள் இறங்கி அடுத்த வயலுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் பரவியது.

இன்னொரு பாதிப்பைப் பற்றி வெளியில் அதிகம் பேசப்படவில்லை. பண்ணைகள் கடலை ஒட்டி வரிசையாக அமைந்தன. சுற்றிலும் கரையும் வேலியும் காவலும் வந்தன. தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரத்துக்கும் வலைக்கும் போன பாதையில் மீனவர்களால் போக முடியவில்லை. பண்ணையைச் சுற்றிக்கொண்டு நெடுந்தூரம் நடந்துதான் கரையை அடைய வேண்டியிருந்தது. மீன் வாங்கி விற்கும் பெண்களுக்கும் அதே நிலைதான். நீர் ஓடும் வாய்க்காலை அடைத்த அதே கரைதான் மனிதர் நடக்கும் பாதையையும் அடைத்தது.

காந்திகிராமத்தில் இருந்து கிளம்பிய குரல்

எஸ். ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் வினோபாவின் பூதான இயக்கத்தில் தமிழகத்தில் முன்னின்றவர்கள். கிருஷ்ணம்மாள் நம் மாவட்டத்து அய்யன்கோட்டையில் 1926இல் எளிய தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1968இல் கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு இருவரும் கீழத்தஞ்சைப் பகுதியில் தங்கி வேலை செய்தார்கள். நிலமற்ற பெண்களுக்கு நிலம் வாங்கித் தருவதற்காக 1981இல் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

அந்தப் பெண்களின் நிலத்துக்குப் பக்கத்திலேயே இறால் குளங்கள் வந்தன. பாடுபட்டுப் பெற்ற நிலம் உப்பேறியது. ஊர்வலம், உண்ணாவிரதம் என்று அறவழியில் போராடினார்கள். பலன் இல்லாமல் போகவே, ஏறக்குறைய எண்பது வயதில் இருந்த ஜெகந்நாதன், கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவர் என்ற முறையில் 1994இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார்.

நீதிமன்றம் நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை நேரில் போய்ப் பார்த்துவரச் சொன்னது. 'நீரி' என்று அழைக்கப்படும் அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகள் தமிழகம், ஆந்திரக் கரைகளைப் பார்த்து அறிக்கை தந்தார்கள். இறால் விற்று வரும் வருமானத்தை விட நிலத்துக்கும் நீருக்கும் மக்கள் பிழைப்புக்கும் ஏற்படும் சேதம் அதிகம் என்பது அவர்கள் முடிவு. மீனவர்களின் கரைப்பாதை அடைபட்டதையும் அந்த அறிக்கை தனியாகக் குறிப்பிட்டது.

1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், எஸ். சகீர் அகமது ஆகியோர் தீர்ப்பு வழங்கினர். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது உயர் அலைக் கோட்டில் இருந்து 500 மீட்டருக்குள், புதிய இறால் பண்ணை கூடாது. அங்கே இருப்பவற்றை அகற்ற வேண்டும். விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஈரநிலம், ஊர்ப் பொது நிலம் எதையும் இறால் குளமாக மாற்றக் கூடாது. மாசுபடுத்தியவரே நட்ட ஈடு தர வேண்டும். பரம்பரை முறையில் அலை நீரை நம்பி நடக்கும் சிறு வளர்ப்புக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது.

தீர்ப்புக்குப் பிறகு நடந்தது

தீர்ப்போடு எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்தால் தவறு. பண்ணை உரிமையாளர்கள் மறுஆய்வு கேட்டார்கள். அகற்றும் வேலை நின்றது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. உயர் அலைக் கோட்டில் இருந்து 200 மீட்டருக்குள் உரிமம் கிடையாது என்றது அந்தச் சட்டம். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த பண்ணைகளுக்கு அந்தத் தடையும் இல்லை. நீதிமன்றம் சொன்ன 500 மீட்டர் சட்டத்தில் 200 ஆகச் சுருங்கியது. 2023இல் வந்த திருத்தம், விதிமீறலுக்கான சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதமாக்கியது. அதே நேரத்தில், சூழல் முக்கியத்துவம் உள்ள பகுதிகளில் பண்ணை கூடாது என்ற விதி சட்டத்தில் இருக்கிறது.

ஜெகந்நாதன் 2013 பிப்ரவரியில் காலமானார். அவருக்கும் கிருஷ்ணம்மாளுக்கும் 2008இல் ரைட் லைவ்லிஹுட் விருது வழங்கப்பட்டது. கிருஷ்ணம்மாளுக்கு 2020இல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

வழக்கு முழு வெற்றி பெறவில்லை என்றாலும் ஒன்றைச் சாதித்தது. ஈரநிலம் என்பது யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற தரிசு அல்ல, பொதுச் சொத்து என்ற எண்ணம் நீதிமன்ற ஏட்டில் ஏறியது.

நீருக்கு வழிவிட்டால் காடு திரும்பும்

ஈரநிலத்தை அழிக்காமல் தடுப்பது ஒரு பாதி. அழிந்ததை மீட்பது மறுபாதி. இதற்கு முத்துப்பேட்டை நல்ல எடுத்துக்காட்டு.

பாமணியாறு, கோரையாறு உள்ளிட்ட காவிரிக் கிளைகள் கடலில் சேரும் இடம் அது. தமிழகத்தின் மிகப் பெரிய அலையாத்திக் காடு அங்கேதான் இருக்கிறது. கோடியக்கரையோடு சேர்த்து 2002இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் விறகுக்காக இந்தக் காடுகளைப் பகுதி பகுதியாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மரம் தானாக முளைக்கும் என்று நினைத்தார்கள். அப்படி நடக்கவில்லை.

நிழல் போனதும் வெயிலில் சேறு காய்ந்து இறுகி, நிலம் தட்டு போலக் குழிந்துவிட்டது. அலை ஏறும்போது உள்ளே வந்த கடல் நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பு மட்டும் மிஞ்சியது. உப்பைத் தாங்கும் அலையாத்தி விதைகூட அந்த மண்ணில் பிழைக்கவில்லை. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு கடைமடைக்கு வரும் நன்னீரும் குறைந்தது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். மரம் நடுவதற்கு முன் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போல இருக்கும். அலை ஏறும்போது நீர் உள்ளே வந்தது, இறங்கும்போது வெளியே போனது, உப்பும் கூடவே கழுவிப் போனது. அதன் பிறகு வாய்க்கால் ஓரங்களில் நட்ட விதைகள் பிழைத்தன. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் காடு திரும்பிய விதம் இதுதான்.

வாய்க்காலைத் தூர்வாரிப் பார்த்துக்கொள்ள ஊர்க் குழுக்கள் அமைக்கப்பட்டன. காட்டைக் காப்பவர்களுக்குக் காட்டுக்குள் போகவும் மீன் பிடிக்கவும் வழி இருந்ததால்தான் அந்த வேலை நடந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது முத்துப்பேட்டைக் காடு கடுமையாக அடிபட்டது. அதே புயல் உள்நாட்டில் நகர்ந்து நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் வந்து, கொடைக்கானல் மலையில் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது நினைவிருக்கும். முதல் அடியைத் தாங்கும் காடு கரையில் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பது கரையில் வாழ்பவர்களுக்கு மட்டுமான கேள்வி அல்ல.

மக்களை விட்டால் காடு கெடாதா?

நியாயமான சந்தேகம் இது. கூட்டம் வந்தால் பிளாஸ்டிக் வரும், சத்தம் வரும், பறவை போய்விடும். அதனால் வேலி போட்டு மூடுவதே நல்லது என்று சிலர் சொல்வார்கள். இன்னொரு பக்கம், சுற்றுலா வளரட்டும் என்று கரை வரை தார்ச்சாலையும் கடைகளும் போடுவார்கள். இரண்டும் சரியான வழி அல்ல. எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று வகுத்து வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

ராமநாதபுரம் மாவட்டம் தொண்டிக்குப் பக்கத்தில் உள்ள காரங்காடு இதற்கு நல்ல உதாரணம். திண்டுக்கல்லில் இருந்து மதுரை வழியாகச் சுமார் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். மீனவக் கிராமத்து மக்களும் வனத்துறையும் சேர்ந்து அங்கே சுற்றுலாவை நடத்துகிறார்கள். உயிர்காப்பு உடை போட்டுப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப் போகிறார்கள். ஊர்ப் பெண்கள் சமைத்த மீன் சாப்பாடு கிடைக்கிறது. படகு போகும் வழி குறிப்பிட்ட வழிதான். காடு நன்றாக இருந்தால்தான் வருமானம் என்பதால், காட்டைக் காக்கும் முதல் ஆள் ஊர்க்காரராகவே இருக்கிறார். முத்துப்பேட்டையிலும் ஜாம்புவானோடையில் இருந்து வனத்துறை அனுமதியோடு படகில் போகலாம்.

மணற்கரைகளுக்கும் இது பொருந்தும். 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையிலேயே, இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவில் குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்குப் பொதுமக்கள் கரைக்குப் போக இடம் விட வேண்டும் என்ற விதி இருக்கிறது. இப்படி ஒரு விதி இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கரைக்குப் போகும் வசதி என்பது எல்லோருக்குமானதாக இருக்க வேண்டும். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலியில் வருபவர்கள் அலை வரை போக 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. பிறந்ததில் இருந்து கடலைத் தொட்டுப் பார்க்காதவர்கள் அன்று தொட்டார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியை உடைத்தது. பிறகு சரிசெய்தார்கள். கடலோரத்தில் எதைக் கட்டினாலும் கடலுக்கு இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்பதையும் அந்தப் பாதை சொல்லிக் கொடுத்தது.

கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. நீரின் தூய்மை, பாதுகாப்பு, கழிப்பறை, மாற்றுத் திறனாளிகளுக்கான வசதி என்று 33 அளவுகோல்களைப் பார்த்துத் தரப்படும் சான்று இது. பெண்களுக்கு உடை மாற்ற இடமும், சுத்தமான தண்ணீரும், முதியவர் உட்கார நிழலும் நம் குடும்பங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அழகுபடுத்துகிறோம் என்று வலை காயவைக்கும் இடத்தையும் படகு நிறுத்தும் இடத்தையும் எடுத்துவிடக் கூடாது என்று மீனவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இறால் பண்ணை வேலி அடைத்த பாதையைச் சுற்றுலா வேலி அடைத்தால் மீனவருக்கு என்ன வித்தியாசம்?

2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 'நெய்தல் மீட்சி இயக்கம்' என்ற பெயரில் ஐந்து ஆண்டுகளில் 2,000 கோடி ரூபாய் செலவில் கடலோரத்தை மீட்கும் திட்டத்தை அறிவித்தது. அந்தப் பணம் எங்கே, எப்படிச் செலவாகிறது என்று பார்க்கும்போது மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும். நீர் தங்கு தடையில்லாமல் போய் வருகிறதா? அந்த ஊர் மக்கள் கரைக்குப் போய் வர முடிகிறதா?

திண்டுக்கல்லுக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு?

நம் சமவெளியில் விழும் மழை இரண்டு பக்கம் பிரிந்து போகிறது. ஆத்தூர் காமராஜர் அணையில் தேங்கி நம் நகருக்குக் குடிநீர் தரும் குடகனாறு, வேடசந்தூர் வழியாக வடக்கே போய் அமராவதியில் கலந்து, அதன் வழியாகக் காவிரிக்குப் போகிறது. வத்தலக்குண்டு பக்கத்து மஞ்சளாறும் மருதாநதியும் தெற்கே வைகையில் சேர்கின்றன. ஒன்றின் கடைசி காவிரிக் கழிமுகம். இன்னொன்றின் கடைசி ராமநாதபுரம் பெரிய கண்மாயும் ஆற்றங்கரைப் பக்கத்துக் கடலும். முத்துப்பேட்டை அலையாத்திக்குத் தேவையான நன்னீரில் ஒரு துளியாவது நம் மாவட்டத்து மழையாக இருக்கும்.

அந்த நீரை நாம் எப்படி அனுப்புகிறோம்? திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தோல் தொழிற்சாலைப் பகுதியில் கிணற்று நீரில் உப்பின் அளவு உயர்ந்திருப்பதை ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். இந்தத் தொழிலில் நம் சமுதாயத்தவர் முதலாளிகளாகவும் இருக்கிறார்கள், தொழிலாளர்களாகவும் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட கிணறுகளுக்குப் பக்கத்திலும் நம்மவர் குடியிருக்கிறார்கள். பிழைப்பும் வேண்டும், குடிநீரும் வேண்டும் என்ற சிக்கல் நாகப்பட்டினத்தில் இறாலால் வந்தது, நமக்குத் தோலால் வந்தது. அதனால் அந்த வழக்கை வேறு ஊர்க் கதையாக நாம் படித்துவிட்டுப் போக முடியாது.

நாம் செய்யக்கூடியவை

அடுத்த விடுமுறையில் கடலோரம் போகும்போது, ஊர் மக்கள் நடத்தும் காரங்காடு போன்ற இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். நாம் தரும் கட்டணமே அந்தக் காட்டுக்குக் காவல்.

சாப்பாடு கொண்டுபோகும் பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவரலாம். தெர்மாகோல் தட்டும் தண்ணீர்ப் பாக்கெட்டும் வாய்க்காலை அடைத்தால் அலை உள்ளே போகாது என்பதை மீன்முள் வாய்க்கால் கதையைச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கலாம்.

வண்டியை மணல்மேட்டின் மேல் ஏற்றாமல் நிறுத்துமிடத்தில் விட்டு நடக்கலாம். மணலைப் பிடித்து வைத்திருக்கும் கொடிகள் டயரில் நசுங்கினால் மணல்மேடு கரையும்.

கரையோர ஊர்களில் இருக்கும் நம் உறவினர்கள், கடற்கரைத் திட்டங்களுக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்குப் போகலாம். பொதுப்பாதை வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்கலாம்.

நம் ஊரில், குளத்துக்கு வரும் வரத்து வாய்க்காலில் யார் வீட்டுப் படிக்கட்டு ஏறியிருக்கிறது என்று ஜமாஅத் கூட்டத்தில் வெட்கப்படாமல் பேசலாம். அது நம் வீட்டுப் படிக்கட்டாகவும் இருக்கலாம்.

முத்துப்பேட்டையில் வாய்க்காலைத் திறந்ததும் பல வருடம் வெறுமையாகக் கிடந்த சேற்றில் செடி முளைத்தது. அடைத்ததைத் திறந்துவிட்டால் நம் குளங்களுக்கும் நீர் திரும்பும், இன்ஷா அல்லாஹ்.